கடிகாரத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த புலி

மாலை மணி 5:02. பிட்ஸ்பர்க் நகரில் புதிதாகத் தொடங்கிய ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் அரங்கு. வண்ணம் தீட்டிய தட்டியில் ஒரு கடிகாரம் வரையப்பட்டிருந்தது. அதில் போட்டிருந்த ஓட்டை வழியே புலிக்குட்டி ஒன்று தலையை நீட்டி நேரத்தைச் சொன்னது. கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்தது 1492-இல் என்றும் கூடவே சொல்லி வைத்தது. நேரலையில் அந்த நொடி வாய்க்கு வந்தது அதுதான். தட்டிக்குப் பின்னால் அந்தக் கைப்பொம்மையை மாட்டிக்கொண்டு நின்றவர் ஃப்ரெட் ரோஜர்ஸ். வயது 26. ஆண்டு 1954, ஏப்ரல் மாதம்.

அமெரிக்கக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வளர்ந்த ‘மிஸ்டர் ரோஜர்ஸ் நெய்பர்ஹுட்’ நிகழ்ச்சிக்கு விதை அந்த ஓட்டையில்தான் விழுந்தது. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு உண்டாக்கிய நிகழ்ச்சி அல்ல அது. பணம் இல்லை, ஆள் இல்லை, நல்ல அரங்கம் இல்லை. அந்த நிகழ்ச்சியின் அடையாளங்களாக இன்று நினைவுகூரப்படும் பலவும் இந்த இல்லாமையிலிருந்து முளைத்தவை. இல்லாமை மட்டுமே ஒரு நல்ல காரியத்தைச் செய்துவிடாது. அதைத் தாங்கிப் பிடிக்க ஓர் ஊரும், அதற்குள் தன்னைக் கரைத்துக்கொள்ள ஒரு மனிதரும் வேண்டும். பிட்ஸ்பர்க்கில் இரண்டும் ஒரே சமயத்தில் அமைந்தன.

ஊரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பிட்ஸ்பர்க் எஃகு ஆலைகளின் நகரம். 1940-களில் புகை மண்டி, நண்பகலிலும் தெருவிளக்கு எரிந்த ஊர். ஒலிபரப்பில் அதற்கு ஒரு பெருமை உண்டு. 1920 நவம்பர் 2 அன்று அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவுகளை வானொலியில் அறிவித்த கேடிகேஏ நிலையம் இந்த ஊருடையது. தொலைக்காட்சியிலோ பின்தங்கியிருந்தது. அமெரிக்க அரசின் தகவல்தொடர்பு ஆணையம் 1948 முதல் 1952 வரை புதிய நிலையங்களுக்கு உரிமம் தருவதை நிறுத்தி வைத்ததால், இவ்வளவு பெரிய ஊருக்கு ஒரே ஒரு தொலைக்காட்சி நிலையம்தான் இருந்தது.

தடை நீங்கியபோது ஆணையம் ஒரு நல்ல காரியம் செய்தது. நாடு முழுவதும் 242 அலைவரிசைகளைக் கல்விக்கென்று ஒதுக்கியது. இதற்காக விடாமல் போராடியவர் ஃப்ரீடா ஹென்னாக், ஆணையத்தின் முதல் பெண் உறுப்பினர். விளம்பர நிறுவனங்கள் கையிலெடுத்துக்கொள்வதற்கு முன்பே காற்றில் ஒரு பங்கைக் குழந்தைகளுக்கும் மாணவர்களுக்கும் ஒதுக்கி வைத்த அந்த அம்மையாரை இன்று அதிகம் பேர் நினைப்பதில்லை. இந்தக் கதையில் அவருக்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

ஒதுக்கிய அலைவரிசையை யாராவது எடுத்து நடத்த வேண்டுமே! பிட்ஸ்பர்க்கில் 13-ஆம் அலைவரிசைக்கு மேயர் டேவிட் லாரன்ஸ் ஆதரவு தந்தார். லேலண்ட் ஹசார்ட் என்ற வழக்கறிஞர் முன்னின்று பணம் திரட்டினார். அறக்கட்டளைகள் கொடுத்தன. அதோடு நிற்காமல், ஊர் மக்களிடமும் குடும்பத்துக்கு 2 டாலர் என்று கேட்டார்கள். மக்களும் கொடுத்தார்கள். டபிள்யூகியூஇடி என்ற அந்த நிலையம் 1954 ஏப்ரல் 1 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. கல்வித் தொலைக்காட்சிகள் அதற்கு முன்பே வந்துவிட்டன. ஹூஸ்டனில் ஒரு பல்கலைக்கழகம் 1953-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் பல்கலைக்கழகமோ அரசோ அல்லாமல் ஊரே சேர்ந்து தூக்கி நிறுத்திய நிலையம் என்றால் அமெரிக்காவில் இதுதான் முதல்.

அந்த நிலையத்துக்கு வேலைக்கு வந்தவர்தான் ரோஜர்ஸ். 1928 மார்ச் 20 அன்று, பிட்ஸ்பர்க்குக்குக் கிழக்கே உள்ள லட்ரோப் என்ற சிற்றூரில் பிறந்தார். வசதியான குடும்பம். பையனுக்கு ஆஸ்துமா, உடல் பருமன், கூச்சம். மற்றப் பிள்ளைகள் பட்டப்பெயர் வைத்துத் துரத்தினார்கள். வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களில் பொம்மைகளும் பியானோவும்தான் அவருக்குத் துணை. தாய்வழித் தாத்தா ஃப்ரெட் மெக்ஃபீலி மட்டும் பேரனைத் திருத்தப் பார்க்கவில்லை. நீ நீயாக இருப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது என்ற பொருளில் அவர் சொன்ன சொல், பேரன் பின்னாளில் ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் குழந்தைகளிடம் சொன்ன சொல்லாக ஆயிற்று. நிகழ்ச்சியில் வீடு தேடிப் பொருள் கொண்டுவந்து கொடுப்பவருக்கு மெக்ஃபீலி என்று பெயர் வைத்ததும் அந்தத் தாத்தாவுக்காகத்தான்.

ஃப்ளோரிடாவில் ரோலின்ஸ் கல்லூரியில் இசையமைப்புப் படித்து 1951-இல் பட்டம் பெற்றார். பாதிரியாராவதற்குப் படிக்கப் போவதாக இருந்தது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது, பெற்றோர் வாங்கி வைத்திருந்த தொலைக்காட்சிப் பெட்டியை முதன்முதலாகப் பார்த்தார். அதில் ஆட்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் கேக்கைப் பூசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு அருமையான கருவியை இப்படியா பயன்படுத்துவது என்று அவருக்கு மனம் கசந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கசந்தவர் பெட்டியை அணைத்துவிட்டு எழுந்து போகவில்லை. இதற்குள் நுழைந்து இதை நல்லதாக்க வேண்டும் என்று பாதிரியார் படிப்பைத் தள்ளி வைத்தார். நியூயார்க் போய் என்பிசி நிறுவனத்தில் சேர்ந்தார். இசை நிகழ்ச்சிகளில் உதவியாளர், பிறகு அரங்க மேலாளர் என்று வளர்ந்தார். அங்கே நல்ல எதிர்காலம் இருந்தது. அதை விட்டுவிட்டு, இன்னும் ஒளிபரப்பையே தொடங்காத ஓர் ஊர் நிலையத்துக்கு 1953 கடைசியில் கிளம்பியபோது, கூட வேலை செய்தவர்கள் புத்தி கெட்டுவிட்டதா என்று கேட்டார்கள்.

புது நிலையத்தில் குழந்தைகளுக்கு ஒரு நிகழ்ச்சி வேண்டும் என்றபோது யாரும் முன்வரவில்லை. ரோஜர்ஸும், அலுவலகச் செயலராக வேலைக்குச் சேர்ந்திருந்த ஜோஸி கேரியும் நாங்கள் செய்கிறோம் என்றார்கள். ‘தி சில்ட்ரன்ஸ் கார்னர்’ என்று பெயர். நாள்தோறும் ஒரு மணி நேரம், முழுக்க நேரலை. ஜோஸி கேமரா முன்னால் நின்று பாடுவார், பேசுவார். பாடல் வரிகள் அவருடையவை, மெட்டு ரோஜர்ஸ். ஆர்கன் வாசிப்பது, பொம்மை ஆட்டுவது, தயாரிப்பு எல்லாமும் ரோஜர்ஸ். அவர் முகம் கேமராவில் வரவே வராது.

காசு இல்லாததால் இலவசமாகக் கிடைக்கும் குறும்படங்களைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து இடையிடையே போடுவது என்று ஏற்பாடு. அவை பழைய சுருள்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே அறுந்துவிடும். நேரலையில் திரை வெறுமையாக நிற்க முடியாது. அந்த இடைவெளியை நிரப்பப் பொம்மைகள் ஓடி வரும். முதலில் வந்தது புலி. ஒளிபரப்பு தொடங்குவதற்கு முந்தைய மாலை, நிலையத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த டாரத்தி டேனியல் அந்தச் சின்னக் கைப்பொம்மையை ரோஜர்ஸுக்குப் பரிசாகக் கொடுத்திருந்தார். கொடுத்தவர் பெயரையே அதற்கு வைத்து டேனியல் என்று அழைத்தார் ரோஜர்ஸ். கோடு போட்ட புலி. ஆனால் பயந்த சுபாவம், மெல்லிய குரல். குடியிருப்பு அந்தக் கடிகாரம்.

அடுத்தடுத்துப் பொம்மைகள் சேர்ந்தன. 13-ஆம் ஃப்ரைடே மன்னர் என்று ஒருவர். மேலை நாடுகளில் 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமையில் வந்தால் கெட்ட சகுனம் என்பார்கள். அந்த நாளைக் கண்டு குழந்தைகள் பயப்படக் கூடாது என்று, அதை ஒரு ராஜாவின் பிறந்தநாளாக்கி, ராஜாவுக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார். இனி அந்த நாள் வந்தால் கொண்டாட்டம்தானே! மரத்தில் வாழும் ஆந்தை, பூனை ஹென்ரியெட்டா, வம்புக்காரி லேடி எலேன் என்று ஒரு சிறு ராஜ்ஜியமே உருவாயிற்று. எல்லாவற்றுக்கும் குரல் ஒருவருடையதே. ஆர்கனிலிருந்து தட்டிக்கும், தட்டியிலிருந்து ஆர்கனுக்கும் அவர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தோல் காலணி டக்டக் என்று சத்தம் போட, அது ஒலிவாங்கியில் விழுந்தது. அதனால் ரப்பர் அடிப்பாகம் வைத்த கேன்வாஸ் காலணிக்கு மாறினார். பின்னாளில் நிகழ்ச்சி தொடங்கும்போதெல்லாம் அவர் உட்கார்ந்து மாட்டிக்கொள்ளும் அந்தக் கேன்வாஸ் காலணி இப்படி வந்ததுதான். 1955-இல் நாட்டிலேயே சிறந்த உள்ளூர்க் குழந்தை நிகழ்ச்சிக்கான சில்வேனியா விருது இதற்குக் கிடைத்தது. அறுந்த சுருளை இட்டு நிரப்ப வந்தவை நிகழ்ச்சியாகிவிட்டன. படங்களை யாரும் தேடவில்லை.

இதுவரை சொன்னது பாதி. மற்றப் பாதி நிலையத்துக்கு வெளியே நடந்தது. தள்ளி வைத்த பாதிரியார் படிப்பை ரோஜர்ஸ் கைவிடவில்லை. பகல் உணவு இடைவேளையில் பிட்ஸ்பர்க் இறையியல் கல்லூரிக்குப் போய் வகுப்பில் உட்காருவார். திரும்பி வந்து பொம்மையை மாட்டுவார். ஆண்டுக்கணக்கில் இப்படிப் படித்தார். 1963-இல் பிரஸ்பிடீரியன் திருச்சபை அவருக்குக் குருப்பட்டம் தந்தபோது, கோயிலையும் சபையையும் ஒப்படைக்கவில்லை. தொலைக்காட்சி வழியே குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் ஊழியம் செய்வதே உன் பணி என்று அனுப்பி வைத்தது. நாற்பது ஆண்டுகள் அவர் அந்தப் பணியில் இருந்தார். ஒரு நாளும் திரையில் மதப் பிரசாரம் செய்ததில்லை. எந்த மதத்துக் குழந்தையும் இவர் தனக்கு வேண்டாதவர் என்று நினைத்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார்.

அந்தப் படிப்பின் போதுதான் மார்கரெட் மெக்ஃபார்லண்டைச் சந்தித்தார். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் குழந்தை உளவியலாளர். டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக்கும் எரிக் எரிக்சனும் அவரும் சேர்ந்து 1953-இல் லாரன்ஸ்வில் பகுதியில் ஆர்சனல் குழந்தைகள் மையத்தைத் தொடங்கியிருந்தார்கள். குழந்தைகளோடு நேரடியாகப் பழகிக் கற்க வேண்டும் என்று ரோஜர்ஸ் அங்கே அனுப்பப்பட்டார். பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு போனார். மையத்தில் நடந்த ஒன்றை அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மெக்ஃபார்லண்ட் ஒரு சிற்பியை மையத்துக்கு வரச் சொல்கிறார். குழந்தைகளுக்குச் சிற்பம் செய்யக் கற்றுத்தர வேண்டாம், அவர்கள் எதிரில் உட்கார்ந்து களிமண்ணை நீங்கள் ஆசையோடு பிசைந்தால் போதும் என்கிறார். சிற்பி வாரம் ஒருமுறை வந்து அதைத்தான் செய்தார். குழந்தைகள் அதற்கு முன்பும் களிமண்ணில் விளையாடியவர்கள்தாம். ஆனால் அந்த ஆண்டு அவர்கள் கையிலிருந்து வந்தவற்றைப் போல முன்பும் வந்ததில்லை, அவர் போன பிறகும் வந்ததில்லை.

ரோஜர்ஸின் முழு நிகழ்ச்சியும் இந்த ஒரு பாடத்தின் மேல் எழுந்தது என்று நான் நினைக்கிறேன். அவர் திரையில் அதிகம் கற்பிப்பதில்லை. ஒரு தச்சரையோ, செலோ வாசிப்பவரையோ, கிரேயான் தொழிற்சாலைத் தொழிலாளியையோ காட்டி, அவர்கள் தங்கள் வேலையை எவ்வளவு விரும்புகிறார்கள் என்பதை மட்டும் நமக்குப் பார்க்கக் கொடுப்பார். மெக்ஃபார்லண்டோடு அவர் உறவு ஒரு படிப்போடு முடியவில்லை. 1988-இல் அந்த அம்மையார் மறையும் வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், கதையையும் பாட்டையும் எடுத்துக்கொண்டு போய் அவரோடு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் அரங்குக்கு வந்தார். ஒரு கலைஞர் தன் கலைக்கு இப்படி ஓர் ஆசிரியரை இறுதிவரை வைத்துக்கொண்டது அரிது.

முகம் தெரியாமல் இருந்தவரைத் திரைக்கு முன்னால் இழுத்து வந்தது கனடா. டொரான்டோவில் சிபிசி நிறுவனத்தின் குழந்தைகள் பிரிவுத் தலைவர் ஃப்ரெட் ரெயின்ஸ்பெர்ரி, ரோஜர்ஸ் குழந்தைகளோடு பேசுவதைப் பார்த்தவர். பொம்மைக்குப் பின்னால் இருந்தது போதும், நீங்களே கேமராவைப் பார்த்துப் பேசுங்கள் என்றார். 1960-களின் தொடக்கத்தில் அங்கே ‘மிஸ்டரோஜர்ஸ்’ என்ற 15 நிமிட நிகழ்ச்சி பிறந்தது. மன்னரின் கோட்டை, நிகழ்ச்சியில் ஓடும் டிராம் வண்டி எல்லாம் சிபிசியின் அரங்கக் கலைஞர்கள் செய்து தந்தவை. பிட்ஸ்பர்க்கிலிருந்து அவரோடு உதவிக்குப் போன எர்னி கூம்ப்ஸ் அங்கேயே தங்கிவிட்டார். ‘மிஸ்டர் டிரெஸ்அப்’ என்ற பெயரில் 1996 வரை கனடாக் குழந்தைகளின் செல்லமாக இருந்தார். ரோஜர்ஸ் ஊர் திரும்பினார். பிள்ளைகளை பிட்ஸ்பர்க்கில் வளர்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. நிகழ்ச்சியின் உரிமையையும் அரங்கப் பொருள்களையும் சிபிசி அவரிடமே விட்டுக்கொடுத்தது.

1966-இல் டபிள்யூகியூஇடியில் அரை மணி நேர நிகழ்ச்சியாக அது மீண்டும் வந்தது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதி நிலையங்கள் சில எடுத்துப் போட்டன. ஓராண்டில் பணம் தீர்ந்துபோய், நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். அப்போதுதான் யார் யாரெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தது. பெற்றோர் நிலையங்களுக்குக் கடிதம் எழுதினார்கள், தொலைபேசியில் முறையிட்டார்கள், தாங்களே பணம் சேர்த்தார்கள். பாஸ்டனில் அவரைப் பார்க்கச் சில நூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த நிகழ்வுக்கு ஆயிரக்கணக்கில் குடும்பங்கள் வந்து வரிசையில் நின்றன. சியர்ஸ் ரோபக் அறக்கட்டளை உதவிக்கு வந்தது. 1968 பிப்ரவரி 19 அன்று ‘மிஸ்டர் ரோஜர்ஸ் நெய்பர்ஹுட்’ நாடு முழுவதும் ஒளிபரப்பாயிற்று.

முதல் வாரத்துக் கதை என்ன தெரியுமா? ஃப்ரைடே மன்னருக்கு மாற்றம் என்றால் பயம். எல்லையில் காவல் போடுகிறார், முள்வேலி கட்டுகிறார். அமைதியை வேண்டும் வாசகங்களைப் பலூன்களில் கட்டிக் கோட்டைக்குள் பறக்க விடுகிறார்கள் அக்கம்பக்கத்தார். மன்னர் மனம் மாறுகிறார். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம். நான்கு வயதுப் பிள்ளைக்குப் புரியும் மொழியில் போரைப் பற்றிப் பேசத் தொடங்கித்தான் அந்த நிகழ்ச்சி தன் கணக்கைத் திறந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபோது, பெரியவர்கள் வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றார்கள். ரோஜர்ஸ் அவசரமாக ஒரு சிறப்பு நிகழ்ச்சி செய்தார். அதில் புலிக்குட்டி டேனியல், படுகொலை என்றால் என்ன என்று கேட்கிறது. குழந்தைகள் வாய்விட்டுக் கேட்க முடியாத கேள்வியை ஒரு பொம்மையைக் கேட்க வைத்தார்.

நிகழ்ச்சியின் அமைப்பு எளிது. வீட்டுக்குள் வருவார், கோட்டைக் கழற்றிவிட்டு ஜிப் வைத்த ஸ்வெட்டரை மாட்டுவார். ஸ்வெட்டர்களைப் பின்னித் தந்தவர் அவருடைய தாயார் நான்சி. அறையில் ஒரு போக்குவரத்து விளக்கு மஞ்சளில் மினுங்கிக்கொண்டிருக்கும். மெதுவாகப் போகலாம் என்று பொருள். நிஜ வீட்டிலிருந்து கற்பனை ராஜ்ஜியத்துக்கு டிராம் வண்டிதான் வழி. அந்த ராஜ்ஜியத்துக்குள் ரோஜர்ஸ் ஒருபோதும் தாமாக வரமாட்டார். எது நிஜம், எது கற்பனை என்பது குழந்தைக்குத் தெளிவாக இருக்க வேண்டும் என்று மெக்ஃபார்லண்டும் அவரும் சேர்ந்து போட்ட கோடு அது. ஜாஸ் பியானோக் கலைஞர் ஜானி காஸ்டா அரங்கிலேயே உட்கார்ந்து நேரடியாக வாசிப்பார். குழந்தைகளுக்குத்தானே என்று ஒரு சுரத்தைக்கூடக் குறைத்து வாசித்ததில்லை.

பேச்சின் ஒவ்வொரு சொல்லும் எடை போட்டு வைக்கப்பட்டது. மீனுக்கு இரை போடும்போது ‘மீனுக்குச் சாப்பாடு போடுகிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்வார். ஏன் என்றால், பார்வையற்ற ஒரு சிறுமி, நீங்கள் இரை போட்டீர்களா என்று எனக்குத் தெரியவில்லை, கவலையாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள். குளியல் தொட்டியில் நீர் வடியும் ஓட்டைக்குள் தாமும் போய்விடுவோமோ என்று பயப்படும் பிள்ளைகளுக்காக ஒரு பாட்டு எழுதினார். 1970-இல் தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்ததைக் காட்டி, புதைத்து, சாவைப் பற்றிப் பேசினார். 1981-இல் ஒரு வாரம் முழுக்கப் பெற்றோரின் மணமுறிவைப் பற்றிப் பேசினார். குழந்தைகள் நிகழ்ச்சியில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. வீட்டில் நடப்பது எல்லாம் குழந்தையின் கண்ணெதிரில்தான் நடக்கிறது. அதை அறிந்தவர் அவர்.

1969 மே மாதம் 9-ஆம் தேதி ஒளிபரப்பான ஒரு காட்சியைச் சொல்லியே ஆக வேண்டும். வெயில் நாள். சிறிய நீச்சல் தொட்டியில் கால்களை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் ரோஜர்ஸ். காவலர் கிளெம்மன்ஸ் வருகிறார். பாடகர் ஃப்ராங்ஸ்வா கிளெம்மன்ஸ் நடித்த பாத்திரம் அது, கறுப்பினத்தவர். நீங்களும் காலை நனையுங்களேன் என்கிறார் ரோஜர்ஸ். துண்டு இல்லையே என்று தயங்கியவரிடம், என்னுடையதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிறார். நான்கு கால்கள் ஒரே தண்ணீரில். அமெரிக்காவில் கறுப்பர்கள் பொது நீச்சல் குளங்களில் இறங்கியதற்காகத் தாக்கப்பட்டதும், குளங்களையே மூடியதும் அந்த ஆண்டுகளின் நடப்பு. அதைப் பற்றி ஒரு சொல்லும் நிகழ்ச்சியில் இல்லை. 1993-இல் கிளெம்மன்ஸ் கடைசியாகத் தோன்றியபோது அதே காட்சியைத் திரும்ப நடித்தார்கள். அப்போது அவருடைய கால்களை ரோஜர்ஸ் தம் கையால் துடைத்துவிட்டார்.

அந்த நீச்சல் தொட்டிக் காட்சிக்கு எட்டு நாட்கள் முன்பு, மே 1 அன்று, ரோஜர்ஸ் வாஷிங்டனில் இருந்தார். பொதுத் தொலைக்காட்சிக்கு உத்தேசித்திருந்த 2 கோடி டாலரைப் பாதியாக வெட்ட நிக்சன் அரசு விரும்பியது. செனட் துணைக்குழுவின் தலைவர் ஜான் பாஸ்டோர், கறாரான ஆள். பலர் எழுதிவைத்து வாசித்ததைக் கேட்டுச் சலித்துப்போய் இருந்தார். ரோஜர்ஸ் தம் அறிக்கையை வாசிக்கவில்லை. படித்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன் என்று கொடுத்துவிட்டுப் பேசினார். 30 டாலர் செலவில் தொடங்கிய நிகழ்ச்சி இப்போது 6,000 டாலரில் நடக்கிறது. கார்ட்டூன் அடிதடி இரண்டு நிமிடத்துக்கு ஆகும் செலவு அது என்றார். உணர்ச்சிகளைச் சொல்லலாம், சொன்னால் சமாளிக்கலாம் என்பதைக் குழந்தைகளுக்குப் புரியவைத்தால் அது மனநலத்துக்குப் பெரிய தொண்டு என்றார். கோபத்தை என்ன செய்வது என்று குழந்தை கேட்கும் ஒரு பாட்டின் வரிகளைப் பாடாமல் பேச்சாகவே சொன்னார். மொத்தம் ஆறு நிமிடம். தமக்கு மெய்சிலிர்த்துவிட்டதாகச் சொன்ன பாஸ்டோர், அந்த 2 கோடியை நீங்கள் சம்பாதித்துவிட்டீர்கள் போலிருக்கிறது என்றார். அவையில் கைதட்டல்.

கனடாவிலிருந்து திரும்பிய பிறகு பிட்ஸ்பர்க்கை அவர் விட்டுப் போகவே இல்லை. நியூயார்க்கும் ஹாலிவுட்டும் கூப்பிடும் புகழ் வந்த பிறகும், ஊர் நிலையத்தின் அரங்கில்தான் படப்பிடிப்பு. அதனால் ஊரில் பலருக்குத் தொழில் பழகும் இடமாகவும் அது ஆயிற்று. நடிகர் மைக்கேல் கீட்டன் இளம் வயதில் அங்கே அரங்கத் தொழிலாளி. திகில் படங்களால் புகழ்பெற்ற இயக்குநர் ஜார்ஜ் ரொமெரோ ரோஜர்ஸுக்குக் குறும்படம் எடுத்துப் பழகியவர். 1971-இல் ரோஜர்ஸ் இலாப நோக்கற்ற நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். மருத்துவமனைக்குப் போகப் பயப்படும் குழந்தைகளுக்கான படங்களும் கையேடுகளும் அங்கிருந்து வந்தன. வந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் போனது. குழந்தைகளிடம் பொருள் விற்கும் விளம்பரத்தில் அவர் ஒருபோதும் நின்றதில்லை. 1984-இல் ஒரு துரித உணவு நிறுவனம் அவரைப் போல வேடமிட்ட நடிகரை வைத்து விளம்பரம் எடுத்தபோது, குழந்தைகள் குழம்புவார்கள் என்று எடுத்துச் சொல்லி அதை நிறுத்த வைத்தார். இந்த உறுதி அவருக்கு இருந்தது. அவரைத் தாங்கிய நிலையமும் விளம்பரத்தை நம்பி வாழாதது. ஊரார் தந்த 2 டாலரின் மதிப்பு இங்கேதான் எனக்குப் புரிகிறது.

விருதுகள் நிறைய. 1997-இல் வாழ்நாள் சாதனைக்கான எம்மி விருதைப் பெற்றபோது, உங்களை ஆளாக்கியவர்களைப் பத்து வினாடி நினைத்துப் பாருங்கள் என்று சபையைக் கேட்டுக்கொண்டு, தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நட்சத்திரங்கள் நிறைந்த அரங்கில் பலர் கண் கலங்கினர். 2002-இல் அதிபரின் சுதந்திரப் பதக்கம். கடைசி நிகழ்ச்சி 2001 ஆகஸ்ட் 31 அன்று ஒளிபரப்பாயிற்று. 2003 பிப்ரவரி 27 அன்று வயிற்றுப் புற்றுநோயால் மறைந்தார். 2009-இல் பிட்ஸ்பர்க் ஆற்றங்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள்: உட்கார்ந்து காலணி கட்டும் கோலம். டபிள்யூகியூஇடி இன்றும் நடக்கிறது. அதன் அரங்குக்கு அவர் பெயர். கடிகாரத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த புலிக்கு 2012 முதல் ‘டேனியல் டைகர்ஸ் நெய்பர்ஹுட்’ என்று தனி கார்ட்டூன் தொடரே வந்துவிட்டது.

குழந்தைகளுக்காக எதையாவது செய்கிறவர்கள், ஆசிரியரோ பெற்றோரோ நிகழ்ச்சி தயாரிப்பவரோ, 1981-இல் வந்த ஒரு காட்சியைத் தேடிப் பாருங்கள். பத்து வயது ஜெஃப் எர்லாங்கர் மின் சக்கர நாற்காலியில் வருகிறான். சில ஆண்டுகளுக்கு முன் அறுவைச் சிகிச்சைக்குப் போகுமுன் ரோஜர்ஸைச் சந்தித்தவன். சக்கர நாற்காலியில் வரும் ஒரு குழந்தை நிகழ்ச்சிக்கு வேண்டும் என்றதும் ரோஜர்ஸுக்கு அவன் நினைவுதான் வந்தது. பக்கத்திலேயே யாரையாவது பார்க்கலாமே என்று உடனிருந்தவர்கள் சொல்லியும், விஸ்கான்சினிலிருந்து அவனைத்தான் வரவழைத்தார். எழுதி வைத்த வசனம் இல்லை, ஒத்திகை இல்லை. நாற்காலி எப்படி வேலை செய்கிறது, ஏன் தேவைப்பட்டது என்று ரோஜர்ஸ் கேட்க, பையன் மருத்துவர் விளக்குவது போல விளக்குகிறான். இருவரும் சேர்ந்து பாடுகிறார்கள். பரிதாபம் காட்டும் ஒரு பார்வைகூட இல்லை. காட்சி பத்து நிமிடம்கூட வராது. அவர் எத்தனை முறை பேசாமல் காத்திருக்கிறார் என்பதைக் கவனித்துப் பாருங்கள்.